இறையிலியும் இலவசமும்

ஏழை வீட்டு உலைக்கு அரிசி தந்தால் அதற்குப் பெயர் இலவசம்! ஆலை முதலாளிக்கு வரியைக் குறைத்தால் அதற்குப் பெயர் ஊக்கம்! முன்னதைக் கேட்டதும் முகம் சுளிப்போர், “நாடு எங்கே உருப்படும்? உழைக்காமல் உண்ணப் பழக்குகிறார்களே!” என்று அங்கலாய்க்கின்றனர். பின்னதைக் கேட்டாலோ, பொருளியல் மேதைகளாகிப் புன்முறுவல் பூக்கின்றனர். கருவூலத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. வந்த பணம் வெளியே போனாலும், வரவேண்டிய பணம் வாராது நின்றாலும், அங்கே விழுவது ஒரே பள்ளந்தான்.

இதனை உணர அயல்நாட்டு ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. ‘மானியம்’ என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல்லே போதும். உர மானியம், எரிவாயு மானியம், மின்சார மானியம் என்று இன்று உழவனோடும் இல்லத்தரசியோடும் ஒட்டிப் பேசப்படும் இச்சொல், பன்னெடுங்காலம் வேறோர் இடத்திலே குடியிருந்தது. வடமொழியில் ‘மான்ய’ என்றால் மதிப்புக்கு உரியது என்பது பொருள். அரசன் எவனை மதிப்புக்கு உரியவன் என்று கருதினானோ, அவனுக்கு வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலமே மானியம். பசித்தவனுக்கு அல்ல, பணியத்தக்கவன் என்று பெயர் பெற்றவனுக்கு!

தமிழில் அதற்கு ஒளிவுமறைவற்ற பெயர் ஒன்று உண்டு. இறையிலி! இறை என்றால் வரி. அஃதில்லாத நிலம் இறையிலி. பார்ப்பனர்க்கு விடப்பட்டது பிரமதேயம். கோயிலுக்கு விடப்பட்டது தேவதானம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம். வரி செலுத்தி உழுதுண்டோர் ஊர்களோ வெள்ளான்வகை. எல்லாப் பிரமதேயமும் முற்றிலும் வரியற்றதாக இருக்கவில்லை, சிலவற்றுக்குச் சிறு வரி இருந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். இருக்கட்டும். சலுகையின் அளவு வேறுபடலாம். அது பாய்ந்த திசை வேறுபடவில்லை.

அந்தத் திசையை வகுத்துக் கொடுத்த விதியும் ஒளிந்து கிடக்கவில்லை. மனுவின் ஏழாம் அத்தியாயம் அரசனுக்கு இடும் கட்டளைகளுள் ஒன்று இது: சாகும் நிலைக்கு வந்தாலும் வேதம் வல்ல பார்ப்பனனிடம் வரி வாங்காதே, உன் நாட்டில் வாழும் அத்தகையோன் பசியால் வாடவும் விடாதே! தோழர்களே, இந்தக் கட்டளையின் பிற்பகுதியைச் சற்று நின்று நோக்குங்கள். குடிமகன் பட்டினி கிடக்கலாகாது, அதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுகிறோமே! இல்லை. பட்டினிக்கு எதிரான அரசுக் காப்புறுதி அன்றே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. ஒரு வகுப்பாருக்கு மட்டும்.

சரி, அந்தச் செலவை யார் ஏற்றது? மன்னன் மார்தட்டி ஈந்தான் என்பர் புலவர். மன்னனா உழுதான்? ஓர் ஊரின் விளைச்சலில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கு வேறொருவர்க்கு மாற்றி எழுதப்பட்டது, அவ்வளவே. உழுதவனின் சுமை அதே சுமை. சில கல்வெட்டுகளில் ‘குடிநீங்கா’த் தேவதானம் என்று குறிப்பர், குடிகள் தத்தம் நிலத்திலேயே இருக்க, வரி மட்டும் கோயிலுக்குப் போகும். வேறு சிலவற்றிலோ ‘குடி நீக்கி’ என்றே வரும். முன்பிருந்தவரின் உரிமையை அகற்றிவிட்டுக் கொடுத்த கொடை! கொடை பெற்றவன் பெயர் கல்லில் இருக்கிறது. நீக்கப்பட்ட குடிகள் எங்குச் சென்றனர் என்று கல் சொல்லவில்லை.

பள்ளியிலே பணிபுரியும் நமக்கு எண்ணாயிரம் கல்வெட்டின்மீது தனியொரு கண். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர் அது. 11ஆம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திரன் ஆட்சியில், அங்கே ஒரு கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். மாணவர்க்கு நாள்தோறும் அளந்து கொடுக்க நெல். ஆசிரியர்க்கும் நெல், பொன். இவற்றுக்கென ஒதுக்கிய நிலம். உணவு கொடுத்தால் படிப்பு வளரும் என்ற நுட்பத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர்கள் நம் ஆட்சியாளர்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், பாடத்திட்டத்தைப் பார்க்காத வரையில்! வேதங்கள், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம், இவையே பாடங்கள். திருவாய்மொழி பாடுவோர்க்கு அதே கல்வெட்டில் படி உண்டு என்பதை மறைக்க மாட்டோம். ஆயினும் கற்பித்த பாடங்களிலே தமிழ் இல்லை. அந்த நிலத்தை உழுது அந்த நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அங்கே இடமும் இல்லை. நெல் போகலாம், பிள்ளை போகக் கூடாது!

திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்தில் இருந்த ஆதுலர் சாலையும் இதே வகையினதுதான். 15 படுக்கைகள், மருத்துவர், மருந்து எல்லாம் இருந்தன. கோயிற் பணியாளர்க்கும் அங்கு வேதம் பயின்றோர்க்கும்.

பழமையிலே பாராட்டத்தக்கது ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஏரிப்பட்டி என்று ஒரு நிலம் ஒதுக்குவர். அதன் வருவாய் ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஆகும். பெறுபவன் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். வேலையின் பயன் ஏரிநீர் பாயும் வயல்களுக்கெல்லாம் உண்டு. கொடுப்பதற்கு ஒரு நோக்கம், நோக்கத்துக்கு ஒரு கணக்கு. மானியம் என்ற சொல்லை உண்மையில் இதற்கல்லவா வைத்திருக்க வேண்டும்!

ஏனைய சுமையை மக்கள் வாய்மூடிச் சுமந்தனர் என்றும் கருதிவிடலாகாது. 1429இல், விசயநகர ஆட்சியின்போது, வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும், எந்நாளும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்ற இரு பிரிவினர், காவிரிப் பகுதியில் ஒன்றுகூடினர். அதிகாரிகளும் காணியாளரும் இழைத்த கொடுமையைக் கண்டித்து, இன்ன இன்ன வரிதான் தருவோம், மேற்கொண்டு தாரோம் என்று கல்லிலே வெட்டி வைத்தனர். கொறுக்கையிலும் ஆடுதுறையிலும் அக்கல்வெட்டுகள் உண்டு. அவற்றை நம் பாடநூல்கள் விரித்துரைக்கக் காணோம்.

பிறகு வந்தது வெள்ளையர் ஆட்சி. மானியங்களை அடியோடு ஒழித்திருக்கும் என்று எண்ணுவீர்கள். இல்லை! 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. யார் யார் எந்த நிலத்தை வரியின்றி அனுபவிக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு, ஆவணம் பார்த்து, தனியார் இனாம்களுக்கு ஒரு சிறு வரியை ஏற்றுக்கொண்டால் நிரந்தரச் சொத்து என்று பட்டயம் எழுதிக் கொடுத்தது. ஊழியத்துக்காகப் பெற்றதாயினும், ஓதுவதற்காகப் பெற்றதாயினும், இனி அந்த ஊழியம் வேண்டா, ஓதலும் வேண்டா; நிலம் உன்னுடையது என்று பலருக்கு விடுதலை! நோக்கம் மறைந்தது, சலுகை நிலைத்தது. இதையெல்லாம் முடிவுக்குக் கொண்டுவர 1948, 1963 ஆகிய ஆண்டுகளின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வரவேண்டியிருந்தது.

அதே வெள்ளை அரசின் இன்னொரு முகத்தையும் காண்போம். 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு, ஓர் அணாவுக்கு மிகாமல்! பிள்ளைகளின் வருகை பெருகிற்று. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவிற்று. வந்தது ஆபத்து. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடலாகாது என்று அரசு தடுத்தது; 1925இல் திட்டம் நின்றது. பின்னர்தான் மீண்டது. தலைமுறை தலைமுறையாக வாராத வரிக்குப் பட்டயம் எழுதித் தந்த கை, ஓரணாவைக் கண்டதும் நடுங்கிற்று!

அந்த ஓரணா பெரியது, தோழர்களே. எண்ணாயிரத்து நெல் எந்தப் பிள்ளையை வாயிலுக்கு வெளியே நிறுத்தியதோ, அந்தப் பிள்ளையை அல்லவா அது உள்ளே அழைத்தது! 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அந்த ஓரணா வளர்ந்து வந்திருக்கிறது. ஒட்டிய வயிற்றோடு முதல் மணி நேரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வாய்பாடு ஏறாது என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர். அறியாதவர்தாம் இலவசம் என்கிறார்கள். 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டபோதும் இதே ஏளனம் எழுந்தது.

நம் பக்கத்தார் கொடுத்ததெல்லாம் நன்று என்று நாம் வாதிட வரவில்லை. உழவர்க்குக் கட்டணமில்லா மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். நிலம் உடையவனுக்கு, கிணறு உடையவனுக்கு, அதிலும் ஆழத் தோண்ட வசதி உடையவனுக்கு அது மிகுதியாகச் சேர்கிறது. அவன் வயலில் நாற்று நடும் கூலிப்பெண்ணுக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. நிலத்தடி நீரோ கீழே கீழே போகிறது. உடைமைக்கு ஏற்ப அளக்கும் பழைய மரக்கால் இங்கும் எட்டிப் பார்க்கிறது என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் பெரிய மரக்கால் வேறிடத்தில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு கம்பெனி வரியைக் குறைத்தது. 30 விழுக்காடு செலுத்திவந்த பெருங்கம்பெனிகள், பிற சலுகைகளைத் துறந்தால் 22 விழுக்காடு செலுத்தினாற் போதும் என்றது. இதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அன்று மதிப்பிட்டது. முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். ஏரிப்பட்டிக்காரன் தூர்வாரினானா என்று ஊர் பார்த்தது. இங்கே பெருகியதா என்று பார்த்துச் சலுகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு எதுவும் அந்தக் குறைப்பில் இல்லை.

இத்தகைய இறையிலிகளை ஓரளவு காட்டும் அறிக்கை ஒன்று 2006-07ஆம் ஆண்டு முதல் ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தோடு வெளிவருகிறது. தொடக்கத்தில் அதற்கு இட்ட பெயர், ‘கைவிடப்பட்ட வருவாய்’. படித்தவுடன் விளங்கும் பெயர். பின்னர் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது அது, ‘வரி ஊக்குவிப்புகளின் வருவாய்த் தாக்கம்’.