சிட்னியின் முதல் ரேம் பாதரசத்தில் ஓடியது

போன யூலைக் குளிரில், செவன் ஹில்ஸ் வீட்டில் என் கணினியின் ரேமை ஓவர்குளொக் செய்தேன். இரவு முழுக்கச் சோதனை ஓடியும் ஒரு பிழைகூட வரவில்லை. தைப்பொங்கல் வெயில் வந்ததும் கணினி நீலத்திரையோடு விழுந்தது. அதைவிட மோசம், அன்று ஸ்கேன் செய்து சேமித்த அம்மம்மாவின் யாழ்ப்பாணப் படங்களில் மூன்று திறக்கவில்லை. நான் எதையும் மாற்றவில்லை. மாறியது அறையின் சூடு மட்டும்தான்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. செவன் ஹில்ஸில் ரயிலேறி ரெட்ஃபேர்னில் இறங்கி நடந்தால் சிட்னிப் பல்கலைக்கழகம் வரும். அந்த வளாகத்தில் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில்தான் ட்ரெவர் பியர்ஸி, மாஸ்டன் பியர்ட் குழுவினர் அவுஸ்திரேலியாவின் முதல் கணினியைக் கட்டினார்கள். 1949 நவம்பரில் அது தன் முதல் நிரலை ஓட்டியது. பின்னாளில் அதற்குச் சைராக் என்று பெயர் வந்தது.

அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். எண்களை ஒலித்துடிப்புகளாக்கி ஒரு முனையில் அனுப்புவார்கள். மறுமுனைக்கு வந்ததும் பிடித்து, திருத்தி, திரும்பவும் அனுப்புவார்கள். சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம் நிற்கும்.

பாதரசத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,450 மீற்றர் ஓடும். சூடு ஒரு பாகை ஏறினால் அந்த வேகம் சுமார் 0.03 சதவீதம் குறையும். சின்ன எண்தான். ஆனால் 300 துடிப்புகள் வரிசையில் போகும் குழாயில், ஐந்து பாகை ஏறினால் ஏறத்தாழ அரைத் துடிப்பு பிந்திவிடும். அப்போது ஒன்று பூச்சியமாகலாம், பூச்சியம் ஒன்றாகலாம். அதனால் இப்படிப்பட்ட கணினிகளில் வெப்பநிலையைக் காவல் காக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யுனிவாக், பாதரசத்தை 40 பாகையிலேயே வைத்திருந்தது.

இன்றைய ரேமிலும் கதை இதுதான். ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் இருக்கும் மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்4 ரேமில் வழமையாக 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா வரிசைகளையும் மீள எழுதவேண்டும். அந்த நேரத்தில் ரேம் வேறு வேலை பார்க்காது. அதனால் வேகம் தேடுபவர்கள் இந்த ரிஃப்ரெஷ் இடைவெளியை நீட்டுவார்கள். நானும் நீட்டினேன். குளிரில் தாங்கியது. சூட்டிலோ கசிவு கூடும். அடுத்த ரிஃப்ரெஷ் வருமுன்னே ரேம் மறந்துவிட்டது.

இப்போது இடைவெளியைக் குறைத்து, ரேமுக்கு நேரே ஒரு விசிறியும் வைத்திருக்கிறேன். வெயில் கொளுத்தும் நாளில்தான் சோதிக்கிறேன். கொஞ்ச வேகம் போனது, பரவாயில்லை. அம்மம்மாவின் அல்பம் கையில் இருந்ததால் மூன்று படங்களையும் திரும்ப ஸ்கேன் செய்தேன். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

சைராக் 1955இல் மெல்பேண் போய், 1964 வரை அங்கே உழைத்தது. இன்று அங்குள்ள சயன்ஸ்வேர்க்ஸில் நிற்கிறது. மெல்பேண் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு உங்கள் பயோஸைத் திறவுங்கள்.