குமரி மாவட்டத்தில் முழங்கால் தசைநார் காய மருத்துவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளையாட்டிலும் தற்காப்புக் கலையிலும் முழங்காலில் ஏற்படும் காயங்களுக்கு இரண்டு மருத்துவ மரபுகள் சிகிச்சை அளித்து வந்துள்ளன. ஒன்று, களரி ஆசான்கள் வழிவந்த வர்ம மருத்துவம். மற்றொன்று, 19-ம் நூற்றாண்டில் மிஷன் மருத்துவமனைகள் வழியாக வந்த நவீன மருத்துவம். எலும்பு முறிவு, சுளுக்கு, மூட்டு விலகல் ஆகியவற்றில் ஆசான்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. மூட்டுக்குள் இருக்கும் தசைநார் அறுவது வேறு வகையான காயம். அதைக் கண்டறியவும், காயம்பட்ட இளம் வீரரை மீண்டும் களத்துக்குக் கொண்டுவரவும் தேவையான முறைகள் உலக அளவிலேயே 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவாகின.

விளையாட்டுப் பின்னணி

குமரி மாவட்டம் நவம்பர் 1, 1956 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு தமிழகத்துடன் இணைந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் நாஞ்சில் நாட்டின் வயல்பகுதிகள். கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அடிமுறை, சிலம்பம் ஆகிய கலைகளின் நிலம். அடிமுறை கேரளத்தில் 'தெக்கன் களரி' என்று அழைக்கப்படுகிறது.

மாவட்டத்தின் உட்பகுதி ஊர்களில் கபடியும், மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்தும் ஆடப்படுகின்றன. தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, வள்ளவிளை போன்ற மீனவ ஊர்கள் கால்பந்துக்குப் பெயர்பெற்றவை. இப்பகுதியிலிருந்து பலர் தமிழ்நாடு அணியில் இடம்பெற்றுள்ளனர்.

இந்த ஆட்டங்கள் எல்லாம் முழங்காலைச் சோதிப்பவை. கபடியில் பாடிச் செல்பவரின் கணுக்காலை ஒருவர் பிடிக்கும்போது பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, உடல் கோட்டை நோக்கித் திரும்புகிறது. கால்பந்தில் ஓட்டத்தின் நடுவே திடீரென நின்று திசை மாறும்போதும், தாவி ஒற்றைக்காலில் இறங்கும்போதும் அதே முறுக்கு விசை உண்டாகிறது. முன் சிலுவைத் தசைநார் காயங்களில் பெரும்பாலானவை பிறர் மோதாமலேயே இவ்வாறு நிகழ்பவை.

ஆசான் மரபு

அடிமுறையில் போர்க்கலை ஆசிரியரும் மருத்துவரும் ஒருவரே. அவர் ஆசான் எனப்படுகிறார். உடலில் அடிபட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு விளைவிக்கும் இடங்கள் வர்மங்கள். பொதுவான கணக்கில் அவை 108. அவற்றில் 12 படுவர்மங்கள், 96 தொடுவர்மங்கள். அடியின் விளைவை நீக்கும் முறை அடங்கல் எனப்படுகிறது. அடிக்கக் கற்பவர் அடங்கலும் கற்கவேண்டும் என்பது களரியின் நெறி.

இந்த அறிவு ஓலைச்சுவடிகளிலும் வாய்மொழியிலும் காக்கப்பட்டது. சுவடிகள் பலவும் அகத்தியர் பெயரில் அமைந்தவை. ஆசானின் நேரடி விளக்கம் இல்லாமல் அவற்றைப் பொருள்கொள்ள இயலாது. தீயவர் கையில் சேரக்கூடாது என்பதற்காக வர்மம் மறைபொருளாகவே கற்பிக்கப்பட்டது. ஜெர்மானிய மானுடவியலாளர் ரோமன் சீலர் குமரி மாவட்ட ஆசான்களிடையே கள ஆய்வு செய்து எழுதிய நூல் 2015-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடாக வந்தது. மருத்துவமும் போர்க்கலையும் ஒரே கல்வியின் இரு பக்கங்களாக இருப்பதை அந்நூல் விரிவாகப் பேசுகிறது.

மூட்டுக் காயத்துக்கு ஆசான்கள் செய்யும் சிகிச்சையில் தடவுதல், உழிச்சல், ஒற்றடம், கட்டு, பத்தியம் ஆகியவை அடங்கும். காயத்திருமேனி தைலம், முறிவெண்ணெய் போன்றவை பயன்படுத்தப்படுகின்றன. முறிந்த எலும்பை இழுத்து நேராக்கி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது வழக்கம். பத்தியம் என்பது உணவுக் கட்டுப்பாடு மட்டும் அல்ல. காயம்பட்டவர் எத்தனை நாள் கால் ஊன்றக்கூடாது, எப்போது களரியில் இறங்கலாம் என்பதையும் ஆசானே முடிவு செய்வார். திரும்பி வருபவர் ஒற்றைச் சுவடு போன்ற அடிப்படைக் காலடிப் பயிற்சிகளிலிருந்து தொடங்குவார்.

நவீன மருத்துவத்தின் வருகை

லண்டன் மிஷன் சங்கம் 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயை நெய்யூருக்கு அனுப்பியது. தென்திருவிதாங்கூரில் மிஷன் மருத்துவப்பணி அவ்வாறு தொடங்கியது. 1890-களில் சால்வேஷன் ஆர்மியின் ஹாரி ஆண்ட்ரூஸ் நாகர்கோவிலில் தொடங்கிய சிறு மருந்தகம் பின்னர் வடசேரி கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட மலையேற்ற வீரரும் அறுவை மருத்துவருமான டி. ஹோவர்ட் சாமர்வெல் நெய்யூர் மருத்துவமனையில் நீண்டகாலம் பணியாற்றினார்.

அன்றைய அறுவை மருத்துவம் உயிர்காக்கும் மருத்துவமாகவே இருந்தது. காயத்துக்குப் பின்னான உடற்பயிற்சி மருத்துவம் இந்தியாவில் 1950-களில் பம்பாயில் இளம்பிள்ளை வாத நோய் பரவியதை ஒட்டியே நிலைபெற்றது. தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இத்துறையின் முன்னோடி. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வழிகாட்டலில் 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது.

முன் சிலுவைத் தசைநார்

முழங்காலில் தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் நான்கு முதன்மைத் தசைநார்கள் பிணைக்கின்றன. பக்கவாட்டில் இரண்டு. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்பவை இரண்டு. அவை சிலுவைத் தசைநார்கள். முன்னால் இருப்பது ஏசிஎல் என்ற சுருக்கப்பெயரால் அறியப்படுகிறது. கணைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முழங்கால் அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் பணி.

உட்பக்கத் தசைநார் கிழிந்தால் பெரும்பாலும் ஓய்விலும் கட்டிலும் ஆறிவிடும். முன் சிலுவைத் தசைநார் மூட்டு நீரால் சூழப்பட்டது. அறுந்த முனைகளுக்கு இடையே இரத்தம் உறைந்து பாலமாக நிற்க அங்கே வழியில்லை. ஆகவே முழுமையாக அறுந்தால் அது தானாகப் பழைய நிலைக்குச் சேர்வது அரிது.

பிரான்சின் லியோன் நகர அறுவை மருத்துவர் அமெதே போனே 1845-ல் இக்காயத்தின் அடையாளங்களைப் பதிவுசெய்தார். அறுபடும்போது கேட்கும் ஒலி, மூட்டுக்குள் இரத்தம் கட்டுதல், கால் செயலிழத்தல் ஆகியவை அவை. 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலுவைத் தசைநார்களைத் தைத்தார். 1917-ல் ஹே குரோவ்ஸ் தொடையின் வெளிப்புறத் திசுப்பட்டையைக் கொண்டு புதிய தசைநாரை உருவாக்கினார். 1963-ல் கென்னத் ஜோன்ஸ் முழங்கால் சிரட்டைக்குக் கீழுள்ள நாணைப் பயன்படுத்தினார். 1980-ல் டேவிட் டாண்டி மூட்டு உள்நோக்கி வழியாக இந்த அறுவையைச் செய்தார்.

கண்டறிதலில் முக்கியமான ஆண்டு 1976. முழங்காலைச் சற்று மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கணைக்கால் எலும்பை மறு கையால் முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனை அவ்வாண்டு விவரிக்கப்பட்டது. ஜான் லாக்மேன் பெயரால் வழங்கும் இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பழகிய கை மட்டும் போதும்.

மறுவாழ்வுப் பயிற்சியின் மாற்றம்

1970-களில் அறுவைக்குப் பின் காலுக்கு மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தனர். கட்டைப் பிரிக்கும்போது தொடைத்தசை மெலிந்து, மூட்டு இறுகியிருந்தது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன் தன் நோயாளிகளில் கட்டுப்பாட்டை மீறிச் சீக்கிரமே காலை நீட்டி நடந்தவர்கள், சொன்னபடி கேட்டவர்களைவிட நன்றாகத் தேறியிருப்பதைக் கண்டார். அதன் அடிப்படையில் அவரும் பால் நிட்ஸும் 1990-ல் விரைவு மறுவாழ்வு முறையை வெளியிட்டனர். அறுவை முடிந்ததுமே காலை முழுமையாக நீட்டுவதும், ஊன்றி நடப்பதும் இதன் அடிப்படைகள்.

அதே முறை நான்கு முதல் ஆறு மாதங்களில் விளையாட்டுக்குத் திரும்பவும் அனுமதித்தது. பிற்கால ஆய்வுகள் இப்பகுதியைத் திருத்தின. புதிதாகப் பொருத்தப்பட்ட நாண் முதலில் வலுவிழக்கிறது. பின்னர் அதற்குள் இரத்தக்குழாய்கள் வளர்ந்து, ஓராண்டுக்கு மேலாக மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. மூன்றாம் மாதத்தில் வலியும் வீக்கமும் இருப்பதில்லை, ஆனால் நாண் முதிர்ந்திருப்பதில்லை. 2016-ல் வெளியான நார்வே-அமெரிக்கக் கூட்டாய்வு, ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தாமதிக்கும்போதும் மறுகாய வீதம் 51 விழுக்காடு குறைவதாகக் கண்டது. அதே ஆண்டின் வேறொரு தொகுப்பாய்வில், விளையாட்டுக்குத் திரும்பிய 25 வயதுக்கு உட்பட்டவர்களில் 23 விழுக்காட்டினர் மீண்டும் தசைநார் காயம் அடைந்தது தெரிந்தது. அதே காலிலும் மறுகாலிலும் ஏற்பட்ட காயங்கள் இக்கணக்கில் அடங்கும்.

இன்றைய முறையில் முதல் வாரங்களில் வீக்கம் வடிதலும் காலை முழுதாக நீட்டுதலும் இலக்கு. அடுத்து தொடைத்தசை வலுவும் ஒற்றைக்கால் சமநிலையும். பிறகு ஓட்டம், தாவல், திசைமாற்றம். காயம்பட்ட கால் மறுகாலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டிய பிறகே ஆட்டம். நாள்கணக்கு மட்டும் போதாது, சோதனையிலும் தேறவேண்டும்.

அறுவை எல்லோருக்கும் கட்டாயம் அல்ல. 2010-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 121 இளம் வயதினர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறுபிரிவுக்குப் பயிற்சியும் தேவைப்பட்டால் பின்னர் அறுவையும் அளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த இரண்டு ஆண்டுகளில் அறுவை இல்லாமலே சமாளித்தனர். இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது முறையான பயிற்சி.

இரு மரபுகளின் எல்லை

சிலுவைத் தசைநார் அறுந்த முழங்கால் சில மணி நேரத்தில் வீங்குகிறது. இரண்டு மூன்று வாரங்களில் வீக்கம் வடிகிறது. நேராக நடக்கவும் மெதுவாக ஓடவும் முடிகிறது. இந்த இடைவெளியில் எண்ணெய் தடவினாலும் கட்டுப் போட்டாலும், எதுவும் செய்யாவிட்டாலும் வலி குறைந்திருக்கும். குணமாகிவிட்டது என்ற முடிவுக்கு வீரரும் குடும்பத்தாரும் வருவது இயல்பு. ஆட்டத்தில் திரும்பும்போதுதான் முழங்கால் பிடிநழுவுகிறது. ஒவ்வொரு நழுவலும் மூட்டுக்குள் உள்ள குறுத்தெலும்பு வட்டைக் கிழிக்கக்கூடும். அந்த இழப்பு 30 வயதுகளிலேயே மூட்டுத் தேய்வாக வெளிப்படுகிறது.

புதிதாக வீங்கிய மூட்டை அழுத்தி உழிவது இரத்தக்கசிவை அதிகமாக்கும். அதே சமயம் அறுவை முடிந்து பயிற்சியைப் பாதியில் நிறுத்தியவரின் முழங்காலும் ஆபத்தானதே. ஆசான் மரபில் இருந்த படிப்படியான திரும்புதல், கண்காணிப்பு, ஆசிரியரின் அனுமதி இல்லாமல் களத்தில் இறங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவை நவீன மறுவாழ்வு முறையும் வலியுறுத்துபவை. அறுந்த தசைநாரைக் கையால் சேர்க்க முடியும் என்பதற்கு மட்டும் சான்று இல்லை.

இளம் வீரர்கள்

வளரும் வயதில் முழங்காலை ஒட்டிய இரு எலும்புகளிலும் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும். அறுவையில் துளையிடும்போது அவை சிதைந்தால் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். இதனால் சிறுவர்களுக்குத் தனி அறுவை முறைகள் உள்ளன. கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் பெண்களுக்கு இக்காயம் ஏற்படும் வீதம் ஆண்களைவிட அதிகம்.

ஃபிஃபா 2006-ல் உருவாக்கிய '11+' பயிற்சி 20 நிமிடத்தில் முடியும் 15 உடற்பயிற்சிகளைக் கொண்டது. நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமியரிடையே நடந்து 2008-ல் வெளியான ஆய்வில் இது காயங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இதற்குப் பந்தும் மைதானமும் போதும். பள்ளி மைதானத்திலும் கடற்கரை ஊரிலும் செய்யலாம்.

மைக்கேல் சூசைராஜ்

தூத்தூர் பகுதியிலிருந்து வந்த நடுக்கள வீரர் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகளில் ஆடியவர். 2019-ல் இந்திய அணியில் இடம்பெற்றார். நவம்பர் 20, 2020 அன்று கோவாவின் பாம்போலிமில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் தொடக்க ஆட்டத்தில் ஏடிகே மோகன் பகான் அணிக்காக ஆடும்போது முழங்காலில் காயமடைந்து முதல் பாதியிலேயே வெளியேறினார். அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களை இழந்தார். நீண்ட சிகிச்சைக்குப் பின் களம் திரும்பி, பின்னர் ஒடிசா எஃப்சி அணியில் சேர்ந்தார். குமரிக் கடற்கரை இளைஞர்கள் அறிந்த முகம் ஒன்று முழங்கால் காயத்தின் கால அளவை வெளிப்படையாகக் காட்டிய நிகழ்வு இது. மருத்துவர், பயிற்சியாளர், ஊதியம் ஆகிய மூன்றும் தொழில்முறை அணியில் இருக்கும். ஊர்க் கழக வீரருக்கு அவை இருப்பதில்லை.

இன்றைய நிலை

ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி செயல்படுகிறது. முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி உள்ளது. வர்மம் இன்று சித்த மருத்துவப் பாடத்திட்டத்தின் பகுதி. களரிகளில் ஆசான்கள் இன்றும் காயம்பட்டவர்களைப் பார்க்கின்றனர். கீழே விழுந்த இளைஞரின் முழங்காலை முதலில் தொடுபவர் பெரும்பாலும் ஆசானோ உடற்கல்வி ஆசிரியரோதான். சில மணி நேரத்தில் வீங்கிய முழங்காலை உழியாமல், பனிக்கட்டி வைத்து, கட்டி, எலும்பு மருத்துவரிடம் அனுப்புவது அவர் செய்யக்கூடிய முதன்மையான சிகிச்சை.