பட்டத்துக்காக எடுத்த படம்

திரைப்படக் கல்லூரிகளில் இறுதியாண்டுப் படங்களைத் திரையிடும்போது அரங்கில் ஆசிரியர்களும் வகுப்புத் தோழர்களும் சில பெற்றோரும்தான் இருப்பார்கள். மதிப்பெண் போட்டதும் படம் அலமாரிக்குப் போய்விடும். அப்படி அலமாரியில் கிடந்த ஒரு படத்தின் வரலாறு நமக்குத் தேவை என்று நினைக்கிறோம், தோழர்களே.

லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் 1965இல் கறுப்பின மக்கள் காவல்துறைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 34 பேர் உயிரிழந்தனர். அதே நகரின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத் திரைப்படத் துறையில் அப்போது கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே. மாணவர் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் வெள்ளையரல்லாத மாணவர்களுக்கான தனிப் பயிற்சித் திட்டம் வந்தது. எலிசியோ டெய்லர் என்ற கறுப்பினப் பேராசிரியர் அதை நடத்தினார்.

கதவு திறந்ததும் என்ன நடந்தது? வாட்ஸில் வளர்ந்த சார்லஸ் பர்னெட், முதுகலைப் பட்டத்துக்காக ‘கில்லர் ஆஃப் ஷீப்’ எடுத்தார். வார இறுதிகளில் படப்பிடிப்பு. நடித்தவர்களில் பலர் அக்கம்பக்கத்தினர். செலவு 10,000 டாலருக்கும் குறைவு. ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஸ்டானின் கதை அது. ஸ்டானும் நண்பனும் பழைய எஞ்சின் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, படியில் மூச்சிரைக்க இறக்கி, வண்டியின் பின்விளிம்பில் வைக்கிறார்கள். வண்டி கிளம்புகிறது. எஞ்சின் விழுந்து உடைகிறது. அவ்வளவுதான் காட்சி. உழைத்தும் ஏன் மிஞ்சவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வகுப்பறை எங்களுக்கு வாய்க்கவில்லை. (சமூகவியல் முதுகலையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.) கறுப்பினத்தவர் என்றாலே துப்பாக்கியும் போதைப்பொருளும் என்று ஹாலிவுட் காசு பார்த்த காலம் அது.

எத்தியோப்பியாவிலிருந்து வந்து அங்கே படித்த ஹெய்லி கெரிமாவின் ‘புஷ் மாமா’ படத்தின் தொடக்கத்தில் போலீசார் கறுப்பின இளைஞர்களை நிறுத்திச் சோதிக்கிறார்கள். அது நடிப்பு அல்ல. படக்குழுவையே போலீஸ் மடக்கியபோது பதிவானது.

1977இல் பர்னெட் படத்தைச் சமர்ப்பித்தார். 1981இல் பெர்லினில் விமர்சகர் விருது. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். ஆனால் திரையரங்குக்கு வந்தது 2007இல்தான்! படத்தில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமை வாங்கப் பணமில்லை. கடைசியில் அந்த உரிமைக்கு மட்டும் ஏறத்தாழ 1,50,000 டாலர் ஆனது. மாணவன் வாழ்ந்த தெருவில் ஒலித்த பாட்டு, சட்டப்படி இன்னொருவரின் சொத்து.

பர்னெட் படப்பிடிப்பைத் தொடங்கிய 1972இல்தான் பம்பாயில் தலித் பாந்தர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்று எழுந்தார்கள். ஆனால் கேமரா நம் கைக்கு வர இன்னும் வெகுகாலம் ஆனது. நாகராஜ் மஞ்சுளே அகமதுநகரில் தகவல் தொடர்பியல் படித்தபோது எடுத்த ‘பிஸ்துல்யா’, பள்ளிக்குப் போக ஏங்கும் சிறுவனைப் பற்றியது. அதற்குத் தேசிய விருது கிடைத்தது; ‘ஃபன்றி’ அதற்குப் பிறகு வந்தது.

உங்கள் ஊர்க் கல்லூரியில் இறுதியாண்டுப் படங்களைத் திரையிட்டால் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகளின் படம் இருந்தால், ஒரு பிரதி யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.