குறையோடு விற்கப்படும் கணிப்பொறி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடிகளும் கோழிகளும் மட்டுமல்ல, பழைய வானொலிகளும் விசைப்பலகைகளும்கூடத் தரையில் விரித்த சாக்கின்மீது விற்பனைக்குக் கிடக்கும். ‘ஓடுமா?’ என்று கேட்டால், ‘வீட்ல போட்டுப் பாருங்க சார்’ என்பதுதான் பெரும்பாலும் பதில். பழைய வீட்டுக் கணிப்பொறிகளின் வரலாறு தொலைந்துபோவது இந்த இரு வாக்கியங்களுக்கு நடுவில்தான்.

தாம்பரம் சானடோரியத்தில் மெட்ராஸ் ஏற்றுமதி வளாகம் உருவான 1984இல்தான், மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தையும் தொடங்கியது. அதற்குத் தேர்வான இயந்திரம், பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. அதன் ‘பி’ வகைக்கு நினைவகம் வெறும் 32 கிலோபைட். தொலைக்காட்சிப் பெட்டியே திரை. நிரல்களை ஒலிநாடாவில் பதிந்து வைக்கலாம். மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது.

இத்தகைய இயந்திரம் பல்லாண்டு பரணில் கிடந்தபின் மின்சாரம் கொடுத்தால், சில நிமிடங்களில் புகை கிளம்பி நாற்றமடிப்பதுண்டு. மின்வழங்கியிலுள்ள ஒரு சிறு மின்தேக்கி முதுமையால் வெடிப்பதே பெரும்பாலும் காரணம். மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. 1982இல் வந்த சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரத்திலோ, விசைகளுக்கடியிலுள்ள மெல்லிய தாளின் பட்டை காய்ந்து முறியும். புதிய தாள்களை இன்றும் தயாரிக்கிறார்கள். இதை அறியாதவர்கள் ‘செத்துவிட்டது’ என்று முடிவுகட்டிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

வேறு சில குறைகள் வெளியே தெரியாதவை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த இயந்திரம் காய்ந்தபின் ஓடினாலும், துரு உள்ளே மெல்லப் பரவிக்கொண்டிருக்கும். மேலே துடைத்துப் பளபளப்பாக்கி, வெள்ளத்தைச் சொல்லாமல் விற்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். அந்த வீட்டின் கதையும் அதோடு அழிகிறது.

ஆகவே விற்பவர்கள் ஒரு தாளில் நான்கு வரி எழுதி இயந்திரத்தோடு கொடுக்கலாம்: எப்போது வாங்கியது, யார் பயன்படுத்தியது, எது வேலை செய்யவில்லை, தண்ணீர் பட்டதா. பழைய ஒலிநாடாக்களையும் தூக்கியெறிய வேண்டாம். பாட்டுக் கேசட் என்று நினைப்பதில், ஒரு பள்ளி மாணவன் எழுதிய முதல் நிரல் இருக்கக்கூடும். அதற்கு வேறு பிரதி எங்கும் இருக்காது.