தத்து கடக்கும் எல்லை, உறவு நிற்கும் எல்லை

2020 அக்டோபரில், பிறந்து சில நாளே ஆன ஆண் குழந்தை ஒன்று திருவனந்தபுரத்தில் கேரள மாநிலக் குழந்தைகள் நல மன்றத்திடம் வந்து சேர்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அது ஓர் ஆந்திரத் தம்பதியின் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. தன் சம்மதம் இல்லாமல் பிள்ளையைப் பிரித்தார்கள் என்று தாய் போராடினார்; மரபணுச் சோதனைக்குப் பின், 2021 நவம்பரில் குடும்ப நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தது. விவாதம் பெரும்பாலும் தாயின் உரிமையைச் சுற்றியே நடந்தது, அது நியாயம்தான். இக்கட்டுரைக்கு வேண்டியது அதில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம். முன்பின் அறியாத குடும்பத்திடம் போகும் குழந்தைக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அல்ல. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் ஒரே பதிவேட்டில் நாடு முழுவதும் அடங்கிவிடுகிறது. சித்தியிடமோ பாட்டியிடமோ போக வேண்டிய குழந்தைக்குத்தான் எல்லை குறுக்கே நிற்கிறது. இந்த முரண் கூர்மையாகத் தெரியும் இடம் இடுக்கியின் மலைப்பகுதி.

தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பலருக்குப் பிழைப்பு மலைமேல், சொந்தபந்தம் மலைக்குக் கீழே. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலைமேலுள்ள பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பான லயங்களை மூடியபோது பலியான 70 பேரில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே பெற்றோரை இழந்த பிள்ளைக்குத் தாத்தா பாட்டி உயிரோடு இருந்தாலும் தோட்டத்தில் அவர்களுக்கு முகவரி இருக்காது. ஏலக்காடுகளின் கதை வேறு. கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக வேலைக்கு வந்து, பொழுது சாய இறங்குகிறவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவுதான்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இந்த வாழ்க்கையைக் கணக்கில் எடுத்து எழுதப்பட்டதல்ல. அதன்படி வளர்ப்புப் பராமரிப்பு என்பது குழந்தையின் சொந்தக் குடும்பமல்லாத ஒரு குடும்பத்தில் வளர்ப்பது. 44ஆம் பிரிவு, வளர்க்கும் குடும்பத்தின் திறன், விருப்பம், வசதி, முன் அனுபவம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. மொழியைப் பற்றிப் பேசவில்லை. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் உறுப்பு, மாற்றுப் பராமரிப்பில் குழந்தையின் மொழிப் பின்னணிக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தத்தெடுக்கும் உறவினர் யார் என்ற வரையறையும் குறுகியது: பெற்றோரின் உடன்பிறந்தார், தாத்தா, பாட்டி. திருமணமான அக்கா அதில் இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா இல்லவே இல்லை. 2024இன் மாதிரி வழிகாட்டு நெறிகளோ, தனியாக வாழ்பவரும் குழந்தை வளர்க்கலாம், இரண்டாண்டு வளர்த்தபின் தத்தும் எடுக்கலாம் என்று கதவை அகலத் திறந்தன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் திறந்த கதவு மறுபடியும் அந்நியருக்கான கதவு.

உறவினர் வீட்டில் வளரும் அநாதைக் குழந்தைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தருகிறது. அதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகத்தான் பெற வேண்டும். குழந்தை மாநிலம் மாறினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவு வருகிறது: சொந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவைக் கலந்து, கூடிய விரைவில் மாற்ற வேண்டும். உத்தரவு வந்தபின் காவல் துணையோடு அனுப்பப் பதினைந்து நாள் கெடு உண்டு. கலந்தாலோசனைக்கு நாள் கணக்கு இல்லை. வசதிப்பட்டால் சொந்த மாவட்டக் குழுவிடம், இல்லையேல் மாநிலத் தலைநகரின் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்றும் அப்பிரிவு சொல்கிறது. எழுத்துப்படி பார்த்தால், குமுளியில் மீட்கப்பட்ட கம்பத்துப் பிள்ளையைச் சென்னையில் கொண்டுபோய் ஒப்படைத்தாலும் சட்டம் நிறைவேறிவிடும். வீட்டை விட்டு ஓடிவந்து ரயில் நிலையத்தில் சிக்கும் சிறுவனை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு இது என்றே தோன்றுகிறது.

கைவிடப்பட்ட சிசுவின் நிலை இன்னும் சிக்கல். பெற்றோரைத் தேட நாளிதழில் படத்தோடு விளம்பரம் தர வேண்டும். குழந்தை வேறு மாநிலத்தது என்றால் அதன் ஊரில், அவ்வூர் மொழியில் தர வேண்டும் என்பது தத்தெடுப்பு விதி. தொட்டிலில் கிடக்கும் சிசு தன் ஊரைச் சொல்வதில்லை. மலையாளப் பத்திரிகையில் படம் வந்தால் சின்னமனூர்த் தாய்க்கு எப்படித் தெரியும்? மூணாறு லயத்துத் தாய்க்குத்தான் எப்படித் தெரியும்? அவள் வேறு மாநிலத்தவள்கூட அல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதத்தில் தேடல் முடிந்து, தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கப்படுகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதிக்கொள்ளக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்தது. அந்தச் சலுகை மனு எழுதுகிறவருக்குப் போய்ச் சேருமளவு, தேடப்படுகிற தாய்க்குப் போய்ச் சேரவில்லை.

இடுக்கிபோலன்றி, பாலக்காட்டின் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சமவெளி. பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போய்வருவது எளிது. அங்கே கேள்வி தூரத்தைப் பற்றியதல்ல, நம்பிக்கையைப் பற்றியது. 2017இல் வாளையாறில் இரு சிறுமியர் இறந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வழக்கறிஞராக ஆஜரானவரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தார், 2019இல்தான் நீக்கப்பட்டார். அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உறவினரும் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உறவு என்பதாலேயே வீடு பாதுகாப்பாகிவிடாது. சித்தி வீடு என்ற பெயரில் பிள்ளை மில்லுக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பப்படலாம். என் வாதம் விசாரணை வேண்டாம் என்பதல்ல. அந்த விசாரணையை யார், எத்தனை நாளுக்குள் செய்வது என்பதே.

இதற்கு முன்மாதிரி உண்டு. குழந்தைகளை மாநிலம் விட்டு மாநிலம் ஒப்படைக்க அமெரிக்க மாநிலங்கள் 1960இல் ஓர் உடன்பாட்டைத் தொடங்கின; இன்று ஐம்பதும் அதில் உண்டு. தாமதம் என்ற பழி அதன்மேலும் விழுந்ததால், 2006இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வீட்டு ஆய்வை 60 நாளில் முடிக்கச் சொன்னது. இங்கே அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. தேனி அலகு போடியில் செய்த வீட்டு ஆய்வை இடுக்கிக் குழு முப்பது நாளுக்குள் பெற்று ஏற்கலாம். விளம்பரம் எல்லை மாவட்டங்களில் எப்போதும் இரு மொழியிலும் வரலாம். மாத உதவி புதுக் கோப்பு தயாராகும் வரை காத்திராமல், குழந்தை கைமாறிய நாளிலிருந்தே தொடங்கலாம். மூன்றையும் இரு மாநிலத் துறைச் செயலாளர்களின் ஒப்பந்தமே செய்துவிடும். நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை.