கை காட்டினா நிற்கும் பஸ்

மினி பஸ்ஸை வீட்டு வாசல்லயே கை காட்டி நிறுத்தி ஏறினவங்களுக்கு, ஸ்டாப்பிங் எதுக்குன்னு தோணும். லண்டன்காரங்களும் நூறு வருஷத்துக்கு மேல அப்படித்தான் இருந்திருக்காங்க. நோண்டிப் பார்த்ததில் எனக்குச் சிக்கிய கதை இது.

1829 ஜூலை 4. ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் பேடிங்டனிலிருந்து பேங்க் வரை மூணு குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். ஆனா வண்டி ஊருக்கு நடுவே போகாம வடக்கே சுத்திப் போச்சு. ஏன்னா, மத்திய லண்டனில் ஆள் ஏற்றி இறக்கும் உரிமை வாடகைக் குதிரை வண்டிக்காரங்களுக்கு மட்டும்தான். 1832ல் சட்டம் மாறி அந்த ஏகபோகம் ஒழிந்தது. அப்புறமென்ன, கை காட்டின இடமெல்லாம் ஸ்டாப்தான்! எதிர்ப்பக்கம் ஆள் நின்னா வண்டியும் அந்தப் பக்கம் பாயும். இடது ஓரத்தில் மட்டுமே நிறுத்தணும்னு சொல்ல 1867 சட்டம் வர வேண்டியிருந்தது.

நிரந்தர பஸ் ஸ்டாப் வந்தது 1935ல். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் யூஸ்டன் ரோட்டிலிருந்து செவன் சிஸ்டர்ஸ் ரோடு வரை முதலில் சோதித்துப் பார்த்தது. பிறகு ரெண்டு வகைப் பலகை வெச்சாங்க. வெள்ளைன்னா கட்டாயம் நிற்கும். சிவப்புன்னா கை காட்டினால்தான் நிற்கும். பழைய பழக்கத்தை ஒரேயடியா பிடுங்காம பாதியை விட்டு வெச்சாங்க பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க :)

சரி, எங்கே வைக்கிறது? 10 கி.மீ. சாலையில் 200 மீட்டருக்கு ஒண்ணுன்னா சுமார் 50 நிறுத்தம். 400 மீட்டர்னா 25. நிறுத்தத்துக்கு அரை நிமிஷம்னு வெச்சா, கடைசி வரை போறவருக்கு 12 நிமிஷம் மிச்சம். ஆனா ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவில் குடியிருக்கிறவர் 100 மீட்டருக்குப் பதிலா 200 மீட்டர் நடக்கணும். சிக்னலுக்கு முன்னால வெச்சா, ஆள் ஏத்துறதுக்குள்ள பச்சை போய் பஸ் ரெண்டு தடவை நிற்கும். தாண்டி வெச்சா இந்தத் தொல்லை குறைவு.

இன்னிக்கு லண்டனில் பொதுவா சொல்லப்படும் இடைவெளி 400 மீட்டர். வாலிபனுக்கு அஞ்சு நிமிஷ நடை. முட்டிவலிக்காரப் பாட்டிக்கு? மிச்சமான 12 நிமிஷம் பஸ்ஸுக்குள்ள இருக்கிறவங்களுக்கு. அதுக்கு விலை கொடுக்கிறது பாட்டியோட முட்டி. அதனால ஆஸ்பத்திரி, மார்க்கெட் வாசல்ல மட்டுமாவது மீட்டர் கணக்கு பார்க்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். நீங்க என்ன சொல்றீங்க?