புரவலன் பெயர்த் தீர்வு மாற்றீடு

புரவலன் பெயர்த் தீர்வு மாற்றீடு என்பது, பிணைய நிரல் ஒன்று தான் தொடர்புகொள்ள வேண்டிய கணினியின் பெயருக்கு டி.என்.எஸ். எனப்படும் ஆள்களப் பெயர் முறைமை தரும் ஐ.பி. முகவரியை விடுத்து, நிரலாளர் குறிப்பிடும் வேறொரு முகவரியைப் பயன்படுத்தச் செய்யும் முறையாகும். இதில் பெயர் மாறுவதில்லை. பெயர் சுட்டும் முகவரி மட்டுமே மாறுகிறது.

பின்னணி

அர்ப்பாநெட் காலத்தில் கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே உரைக்கோப்பில் தொகுக்கப்பட்டிருந்தன. ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் பெயின்லர் தலைமையிலான குழு அதனைப் பேணி வந்தது. கணினிகள் பெருகவே, 1983 இல் பால் மொக்கபெட்ரிசு டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். எனினும் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு மறைந்துவிடவில்லை. லினக்சு, விண்டோசு ஆகியவற்றில் அது இன்றும் உள்ளது. வழக்கமான அமைப்பில், டி.என்.எஸ். வழங்கியைக் கேட்கும் முன் இக்கோப்பே பார்க்கப்படுகிறது. ஆனால் அதனைத் திருத்த நிருவாகி உரிமை வேண்டும். திருத்தம் அக்கணினியின் எல்லா நிரல்களையும் பாதிக்கும். ஒரு நிரலுக்கு மட்டும் மாற்றம் தேவைப்படும்போது நிரலாக்க நூலகத்தின் வசதி பயன்படுகிறது.

செயற்பாடு

கன்னியாகுமரி மாவட்ட நிருவாகத்தின் தளம் ஆங்கில எழுத்துகளிலமைந்த கன்னியாகுமரி.நிக்.இன் என்னும் பெயரில் இயங்குகிறது. எடுத்துக்காட்டாக, இத்தளம் புதிய வழங்கிக்கு மாற்றப்படுவதாகக் கொள்வோம். பொதுமக்கள் பழைய வழங்கியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதியதைச் சோதித்தாக வேண்டும். புதிய வழங்கியின் முகவரி 192.0.2.10 எனில் (இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்), அதனை நேரடியாக இட்டால் போதாதா?

போதாது. ஒரே வழங்கியில் பல தளங்கள் இருக்கலாம். கோரிக்கையின் 'ஹோஸ்ட்' தலைப்பில் வரும் பெயரைக் கொண்டே எத்தளத்தைத் தருவது என்று வழங்கி முடிவு செய்கிறது. எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில் சான்றிதழும் பெயருக்கே பெரும்பாலும் வழங்கப்பட்டிருக்கும். எண்ணைக் கொண்டு நுழைந்தால் பொருந்தாப் பிழை தோன்றும். அப்போது சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடுவது பலரது வழக்கம். சோதனைக்காக எழுதிய அவ்வரி நிலையான நிரலிலும் தங்கிவிடுவதுண்டு. மாற்றீட்டில் பெயர் அப்படியே இருப்பதால் இதற்குத் தேவை எழுவதில்லை.

நூலகங்களில்

சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் தொடங்கிய கர்ல் நிரலில், 2010 திசம்பரில் வெளியான 7.21.3 பதிப்பு முதல் 'ரிசால்வ்' என்னும் விருப்பத்தேர்வு உள்ளது. பெயர், துறை எண், முகவரி ஆகிய மூன்றும் முக்காற்புள்ளியால் பிரித்துத் தரப்படும். 443 ஆம் துறைக்கு இட்ட பதிவு 80 ஆம் துறைக்குச் செல்லாது. தளம் வேறொரு பெயருக்குத் திருப்பிவிட்டால் அப்பெயருக்குத் தனிப் பதிவு தேவை. இடையில் எச்.டி.டி.பி. பதிலாள் வழங்கி இருப்பின் பெயரைத் தீர்ப்பது அதுவே என்பதால் மாற்றீடு பயன் தராது. பெயரின் எழுத்துக்கூட்டலும் துல்லியமாக இருத்தல் வேண்டும். குமரியின் பெயரை ஆங்கிலத்தில் இருவிதமாக எழுதுவோர் உள்ளனர். ஓர் எழுத்துக் குறைந்தாலும் பதிவு பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது.

நோட்.ஜேஎஸ் நூலகத்தில் 'லுக்அப்' என்னும் சார்பை நிரலாளரே எழுதித் தரலாம். ஜாவாவில் 2022 இல் வெளியான 18 ஆம் பதிப்பு இதற்கென முறையான இடைமுகத்தை அளித்தது. பைத்தானில் சாக்கெட் கூறிலுள்ள 'கெட்அட்ரஸ்இன்ஃபோ' சார்பையே மாற்றிவிடும் பழக்கம் உண்டு. இது எளிதெனினும், அந்நிரலின் பிற பகுதிகள் செய்யும் இணைப்புகளையும் சேர்த்தே பாதிக்கும்.

தமிழ்ப் பெயர்கள்

2010 இல் .இலங்கை, 2011 இல் .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய தமிழ் உயர்நிலை ஆள்களங்கள் வேர் வழங்கிகளில் சேர்க்கப்பட்டன. டி.என்.எஸ். முறையில் இவை தமிழ் எழுத்தில் வைக்கப்படுவதில்லை. பியூனிகோடு என்னும் குறியாக்கத்தால் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட சரமாக மாற்றப்படுகின்றன. பெயர் தீர்க்கப்படும்போது தேடப்படுவது இச்சரமே. ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் மாற்றப்பட்ட வடிவத்தையே எழுதுதல் வேண்டும்.

பாதுகாப்பு

தீநிரல்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி, வங்கியின் பெயரைப் போலி வழங்கிக்குத் திருப்பும் மோசடி பார்மிங் எனப்படுகிறது. போலி வழங்கியிடம் அப்பெயருக்குரிய சான்றிதழ் இராது என்பதால் உலாவி எச்சரிக்கை தரும். சான்றிதழ்ச் சோதனை அணைக்கப்பட்ட நிரலுக்கு இக்காப்பு இல்லை. சோதனை முடிந்தபின் நீக்கப்படாத மாற்றீடும் தொல்லை தரும்: வழங்கியின் முகவரி பின்னர் மாறும்போது, மற்றவர்க்கெல்லாம் இயங்கும் தளம் அந்நிரலுக்கு மட்டும் கிட்டாது.